61வது குழந்தை வந்தால்தான் மூணாவது டீச்சர்: உங்க ஊர் ஸ்கூலை யார் நடத்துறாங்க?

ஜூலை மாதம் கடைசி வாரத்தில் என் சித்திக்கு போன் செய்தால், பேச்சு முழுக்க ஒரே ஒரு நம்பரைச் சுற்றித்தான் இருக்கும். "இன்னைக்கு 59 கண்ணு. திருப்பூருக்குப் போறேன்னு சொல்ற அந்தக் குடும்பம் டிசி வாங்கிட்டாங்கன்னா 57."

சித்தி ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர். ஊர் பேர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சர்வீஸ் இன்னும் ஆறு வருஷம் இருக்காம்.

அந்த மாதத்தில் அவருக்கு டீச்சர் வேலையை விட மார்க்கெட்டிங் வேலைதான் அதிகம். சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். தனியார் பள்ளி வேன் எந்தத் தெருவில் நிற்கிறது, யார் வீட்டுக் குழந்தைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கு, யார் வாடகை வீடு மாறுகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். சென்னையில் ஸ்டார்ட்அப்பில் சேல்ஸ் பார்க்கும் என் ரூம்மேட்டுக்குக்கூட இவ்வளவு டார்கெட் டென்ஷன் கிடையாது.

ஏன் இந்த ஓட்டம்? 60 குழந்தைகள் வரை அந்தப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். 61வது குழந்தை சேர்ந்தால் 3. அவ்ளோதான் கணக்கு.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்த கேள்வி: ஒரு பள்ளிக்கு எத்தனை டீச்சர், எவ்வளவு பணம் என்பதை உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்? தலைமை ஆசிரியர் இல்லை. ஊர் இல்லை. பெற்றோரும் இல்லை. அப்போ யார்?

ஆகஸ்ட் 1ல் எடுக்கும் தலைக்கணக்கு

பள்ளிக் கல்வித்துறையில் 'பணியாளர் நிர்ணயம்' என்று ஒரு வருடாந்திர வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை மாணவர்கள் பதிவில் இருக்கிறார்கள் என்று எமிஸ் தளத்தில் பார்ப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகும். கணக்குக்கு மேல் இருப்பவர் 'உபரி'. அவரை ஆள் குறைவாக உள்ள வேறு பள்ளிக்கு மாற்றுவதற்குப் பெயர் 'பணிநிரவல்'.

கணக்கு எங்கிருந்து வந்தது? 2009ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருந்து. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை: 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டினால்தான் தனியாக ஒரு தலைமை ஆசிரியர்.

இப்போது இதை அப்படியே திருப்பிப் படித்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள். வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டுமென்றால் அந்தப் பள்ளியில் 121 குழந்தைகள் இருக்க வேண்டும். நம் கிராமங்களில் எத்தனை தொடக்கப் பள்ளிகளில் 121 பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

வேடிக்கை என்னவென்றால், அதே அட்டவணை 6 முதல் 8ஆம் வகுப்புக்கு வேறு மாதிரி பேசுகிறது. அங்கே குறைந்தபட்சம் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று எழுதியிருக்கிறது. கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். அதாவது 11 வயசுக் குழந்தைக்குத் தன் வகுப்புக்கென ஒரு டீச்சர் சட்டப்படி உண்டு. எழுத்தே இப்போதுதான் கற்கிற 6 வயசுக் குழந்தைக்கு அந்த உறுதி இல்லை. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பேப்பரில் 60 குழந்தைக்கு 2 டீச்சர் என்பது 1:30. அழகான விகிதம். டெல்லியில் உட்கார்ந்து எக்செல் ஷீட்டைப் பார்ப்பவருக்குத் தமிழ்நாடு ஜம்முனு இருக்கும். ஆனால் சித்தியின் பள்ளியில் அந்த இரண்டு பேரில் ஒருவர் சித்தியே. அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு பில் கொடுக்கப் போகணும். குறுவள மையப் பயிற்சிக்கு ஒருவர் போகணும். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதற்கும் ஆள் கேட்பார்கள். பக்கத்துப் பள்ளியில் ஆள் இல்லையென்றால் 'மாற்றுப்பணி' என்று ஒருவரை அங்கே அனுப்பச் சொல்வார்கள். அன்றைக்கெல்லாம் விகிதம் 1:60. ஐந்து வகுப்புக் குழந்தைகளும் ஒரே ஹாலில். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதச் சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித் தரணும்.

இந்த நிலை இனி அதிகமாகத்தான் போகும். தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம், 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறை அறிக்கையின்படி 1.4. ஒரு தம்பதிக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகூட இல்லை. குழந்தைகள் எண்ணிக்கை குறையும்போது சின்னப் பள்ளிகள் இன்னும் சின்னதாகும். தலைக்கணக்கை மட்டும் பார்க்கும் விதி, அப்படிப்பட்ட பள்ளிகளில் இருந்து ஒவ்வொரு ஆசிரியராக எடுத்துக்கொண்டே போகும். டீச்சர் குறைந்தால் பெற்றோர் அடுத்த வருஷம் வேன் ஏற்றிவிடுவார்கள். எண்ணிக்கை இன்னும் குறையும். அதனால் இன்னொரு டீச்சர் போவார்.

மறுபக்கம் இல்லாமல் இல்லை. ஆசிரியர் காலியிடங்கள் வடமாவட்டங்களில் அதிகம், தென்மாவட்டங்களில் உபரி என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. 57 பேருக்கு மூன்று டீச்சர் இங்கே இருந்தால், எங்கேயோ 45 பேர் வகுப்புக்கு ஆள் இல்லாமல் இருக்கலாம். சித்தியிடம் இதைச் சொன்னேன். "அங்க ஆள் போடக் கூடாதுன்னு நானா சொன்னேன்? புதுசா எடுத்துப் போடட்டும்" என்றார். அதுவும் நியாயம்தான். இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனம் பத்து வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து, 2024 பிப்ரவரியில்தான் 1,768 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

போர்டில் ஒரு பேரு, பவர் வேற இடத்துல

சித்தி பள்ளியின் பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இருக்கிறது. உங்க ஊரிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஊராட்சி ஒன்றியக் குழு நினைத்தால் அந்தப் பள்ளிக்கு ஒரு ஆசிரியரை நியமிக்க முடியுமா? முடியாது. இடமாற்றம்? அதுவும் முடியாது.

ஒரு காலத்தில் முடிந்தது. நம்ம தாத்தா பாட்டி 'போர்டு ஹைஸ்கூல்' என்று சொல்வார்கள் இல்லையா, அது ஜில்லா போர்டு நடத்திய உயர்நிலைப் பள்ளி. பிறகு தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கையில் இருந்தன. ஆசிரியர்கள் ஒன்றியத்தின் ஊழியர்கள். 1981ல், எம்.ஜி.ஆர் ஆட்சியில், அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பலகை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த மாற்றத்தை ஆசிரியர்கள் கேட்டுத்தான் வாங்கினார்கள். ஒன்றியத் தலைவரின் மூடைப் பொறுத்து வேலை, இடமாற்றம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அதோடு முடிவெடுக்கும் இடம் ஊரை விட்டுப் போனது. 1992ல் வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று பட்டியலிட்ட 29 விஷயங்களில் தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வியும் ஒன்று. 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது. கொடுப்பது மாநிலத்தின் விருப்பம்.

இப்போது ஒரு தொடக்கப் பள்ளிக்கு மேலே இருக்கும் ஏணி இது: வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், அப்புறம் சென்னையில் இயக்குநர், செயலர், அமைச்சர். இந்த ஏணியையே 2018ல் அரசாணை 101 மூலம் மாற்றி அமைத்தார்கள். தொடக்கக் கல்விக்கென இருந்த மாவட்ட அலுவலர் பதவியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தார்கள். 2022ல் அரசாணை 151 மூலம் மறுபடி தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளி என்று மாவட்டக் கல்வி அலுவலர்களைப் பிரித்தார்கள். இரண்டு முறையும் அலுவலகங்களின் போர்டு மாறியது. பள்ளி மட்டத்தில் என்ன அதிகாரம் மாறியது என்று தேடிப் பார்த்தேன், எனக்குச் சொல்லும்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 இன்னொரு உதாரணம். அதுவரை தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கான சீனியாரிட்டி ஒன்றிய அளவில் இருந்தது. அதை மாநில அளவுக்கு மாற்றியது அந்த ஆணை. பதவி உயர்வு வேண்டுமென்றால் எங்கோ ஒரு மாவட்டத்துக்குப் போக வேண்டி வரும் என்று ஆசிரியர்கள், குறிப்பாகப் பெண்கள், தெருவில் இறங்கிப் போராடினார்கள். காலியிடம் உள்ள ஊர்களுக்கு ஆள் போகட்டும் என்பது அரசு தரப்பு. யார் சரி என்பதில் எனக்கே இரண்டு மனசு. ஆனால் அந்த ஆசிரியரிடம் படிக்கிற குழந்தைகளின் ஊரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

அமெரிக்காவில் எப்படி?

நம்மில் பலருக்கு 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல் நெட்ஃப்ளிக்ஸ் சீரியலில் இருந்து வந்தது. அமெரிக்காவில் அது உண்மையிலேயே ஒரு தனி உள்ளாட்சி மாதிரி. சுமார் 13,000 டிஸ்ட்ரிக்டுகள். பெரும்பாலான இடங்களில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு கல்வி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம்தான் கண்காணிப்பாளரை நியமிக்கும், பட்ஜெட் போடும், பள்ளியைத் திறக்கும், மூடும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துத் திட்டலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பணத்தில் பெரும்பங்கு அந்தப் பகுதியின் சொத்து வரியில் இருந்து வருகிறது. பங்களாக்கள் இருக்கும் டிஸ்ட்ரிக்டில் பணக்காரப் பள்ளி, ஏழைகள் இருக்கும் டிஸ்ட்ரிக்டில் ஏழைப் பள்ளி. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஏழை டிஸ்ட்ரிக்ட் ஒன்றின் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973ல் 5-4 என்ற கணக்கில் தோற்றார்கள். அதனால், 'எல்லாத்தையும் ஊர்கிட்ட கொடுத்துடு' என்பது என் வாதம் இல்லை. பணம் மேலிருந்து, எல்லோருக்கும் சமமாக வருவதே நல்லது.

அந்தப் பணம் ஒழுங்காக வர வேண்டும். சிக்கல் அங்கேதான்.

ரூ.25,000ல் ஒரு வருஷம்

அரசுப் பள்ளிகளின் சில்லறைச் செலவுக்கு வருவது 'ஒருங்கிணைந்த பள்ளி மானியம்'. மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் இருந்து வருகிறது. 1 முதல் 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு வருடம் ரூ.10,000. 31 முதல் 100 வரை ரூ.25,000. 101 முதல் 250 வரை ரூ.50,000. 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ஒரு லட்சம்.

சித்தி பள்ளிக்கு ரூ.25,000. மாதம் கணக்குப் போட்டால் ரூ.2,083. என் மொபைல், வைஃபை, இரண்டு ஓடிடி சந்தா எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே தொகை. அதில் சாக்பீஸ், பதிவேடு, ரிப்பேர் எல்லாம் பார்க்கணும். குறைந்தது 10% சுத்தம், சுகாதாரத்துக்கு ஒதுக்கணும். இங்கேயும் அதே எல்லைக்கோடு விளையாட்டு. 31வது குழந்தை டிசி வாங்கினால் மானியம் 25,000ல் இருந்து 10,000க்கு இறங்கிவிடும். ஒரு குழந்தை போனதால் பள்ளிக்கூடத்தின் ஓடுகளில் பாதி குறைந்துவிடாது இல்லையா?

சமக்ர சிக்‌ஷாவில் மத்திய அரசு 60%, மாநிலம் 40%. 2024-25ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு ரூ.2,152 கோடி. அது வரவில்லை. ஏன்? 'பிஎம் ஸ்ரீ' என்ற வேறொரு திட்டத்தின் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. அதில் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையை மாநிலம் முழுக்க ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், மும்மொழி உள்ளே வரும் என்பது தமிழ்நாட்டின் வாதம். கொள்கையை ஏற்காமல் பணம் கிடையாது என்பது மத்தியக் கல்வி அமைச்சரின் பதில்.

இதில் டெல்லி பக்கம் எனக்குத் துளியும் நியாயம் தெரியவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் போட்ட சட்டம். அதை நிறைவேற்றும் பணத்தை, கையெழுத்துப் போடுவதும் போடாததும் மாநிலத்தின் விருப்பமாக உள்ள ஒரு திட்டத்தோடு கோர்த்துவிடுவது சரியா? 2025 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழுவே இது நியாயமில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதே பட்டியலில் கேரளாவும் மேற்கு வங்கமும் இருந்தன. கேரளா 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. உடனே கூட்டணிக்குள்ளேயே சண்டை வெடித்து, நிறுத்தி வைக்கிறோம் என்று பின்வாங்கியது.

தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மனுவில் சொன்ன பாதிப்பு: சுமார் 43.94 லட்சம் மாணவர்கள், 2.21 லட்சம் ஆசிரியர்கள், 32,701 பணியாளர்கள். அந்த வருஷம் தனியார் பள்ளிகளில் 25% இலவச இட ஒதுக்கீட்டுச் சேர்க்கை வழக்கமான நேரத்தில் தொடங்கவே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பங்கை கல்விக் கொள்கையோடு இணைக்க வேண்டியதில்லை என்றது. பிறகு மத்திய அரசு ரூ.500 கோடிக்கு மேல் விடுவித்தது. அக்டோபரில் சேர்க்கை ஆரம்பித்தது. அக்டோபரில்! பள்ளி திறந்து நான்கு மாதம் ஆன பிறகு. கடன் வாங்கி பீஸ் கட்டிய அப்பா அம்மாக்கள் ஒரு பக்கம், அரசு அறிவிக்கும் என்று காத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம்.

சரி, சென்னை பக்கம் எல்லாமே சரியா? அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது ரூ.46,767 கோடி. அதோடு ஒப்பிட்டால் டெல்லி நிறுத்திய பணம் இருபதில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மாநில அரசு தன் கையில் இருந்து போட்டுச் சமாளித்தது உண்மை, அதற்குப் பாராட்டு. ஆனால் அந்த இருபதில் ஒரு பங்கில்தான் பள்ளியில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களின் வாழ்க்கை தொங்குகிறது. அதை அங்கே தொங்கவிட்டது டெல்லி மட்டும் இல்லை.

பகுதி நேர ஆசிரியர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லித் தர 2012ல் 16,549 பேரை மாதம் ரூ.5,000 சம்பளத்தில் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. மே மாதம் சம்பளம் இல்லை. ஆட்சி மாறியது, போராட்டம் நடந்தது, 2021 திமுக தேர்தல் அறிக்கையில் 181வது வாக்குறுதியாகப் பணி நிரந்தரம் வந்தது. 2024 தொடக்கத்தில் சம்பளம் ரூ.12,500 ஆனது. பணி நிரந்தரம் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒருவர் அதே பள்ளிக்கு வருகிறார் என்றால் அந்த வேலை தற்காலிகமா? 'ஸ்கீம்' பணம் என்று எழுதி வைத்துவிட்டால், டெல்லி நிறுத்தும்போது சென்னை டெல்லியைக் கை காட்டலாம். பணம் வரும்போதும் 'இது ஸ்கீம் போஸ்ட், நிரந்தரம் முடியாது' என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் வசதி.

24 பேர் கொண்ட குழு என்ன செய்கிறது?

'ஊரைக் கேட்கவே இல்லைன்னு சொல்றீங்களே, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சட்டத்தின் 21வது பிரிவு அது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது அதன் வேலைகள். தமிழ்நாட்டில் 2022ல் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இதைப் புதுசாக அமைத்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது 24 பேர், முன்னாள் மாணவர்களும் உண்டு. பதவிக்காலம் இரண்டு வருஷம்.

இந்தியாவில் இந்தக் குழுவை இவ்வளவு சீரியஸாக எடுத்த மாநிலங்கள் குறைவு, அதைச் சொல்லியே ஆகணும். கூட்டம் நடக்கிறது. தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுகிறார்கள். சித்தி பள்ளியிலும் 'மூன்றாவது ஆசிரியர் தேவை' என்று தீர்மானம் போட்டார்கள். ஏற்றினார்கள். பதில்? "அது அங்கேயே இருக்கு" என்கிறார் சித்தி.

டாய்லெட் தண்ணி, காம்பவுண்டு சுவர் பற்றிய தீர்மானங்களுக்குச் சில நேரம் ஆள் வருகிறார்கள். ஆசிரியர் பற்றிய தீர்மானத்துக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஆகஸ்ட் 1 கணக்கில் பள்ளிக்கு என்ன முடிவானது என்பதுகூடக் குழுவுக்கு முன்கூட்டியே வராது. ஆசிரியர் மாற்றல் ஆணையோடு கிளம்பும்போதுதான் ஊருக்குத் தெரியும்.

ஆசிரியர் விஷயத்தில் ஒரே ஒரு தடவை இந்தக் குழுவுக்குப் பெரிய அதிகாரம் கிடைத்தது. 2022 ஜூலையில், 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். சம்பளம்: இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000, முதுநிலை ஆசிரியருக்கு ரூ.12,000. (பிறகு கூட்டினார்கள்.) வேண்டியவர்களுக்கு வேலை போகும், தகுதி பார்க்க மாட்டார்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. அப்புறம் விதிமுறைகளைத் திருத்தினார்கள். யோசித்துப் பாருங்கள். நல்ல சம்பளம், பென்ஷன் உள்ள ஆசிரியர் விஷயத்தில் ஊருக்கு வாய் கிடையாது. ரூ.7,500க்கு ஆள் பிடிக்க மட்டும் ஊர் வேண்டும்.

ஊர் என்றால் யார்?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. ஊர் என்பது எல்லோரும் அல்ல. 2018ல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் எதிர்த்தது நினைவிருக்கும். அந்த ஊரில் பெற்றோர் கையில் ஆசிரியர் நியமனத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதனால்தான் 1981 மாற்றத்தை நான் தப்பு என்று சொல்லவில்லை. நியமனம், சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் ஊரின் கைக்கு எட்டாத தூரத்தில், இட ஒதுக்கீட்டோடு, போட்டித் தேர்வோடு இருக்கட்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஆணை போடும் முன்னால் ஊருக்குச் சொல்லணும்.

ஆகஸ்ட் 1 கணக்கு முடிந்ததும், 'உங்கள் பள்ளிக்கு இத்தனை ஆசிரியர் என்று கணக்கிட்டிருக்கிறோம், இதனால் ஒருவர் மாற்றப்படுவார்' என்று தமிழில் ஒரு தாள் மேலாண்மைக் குழுவுக்கு வர வேண்டும். ஆட்சேபம் சொல்ல 15 நாள். மாவட்டக் கல்வி அலுவலர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், தப்பில்லை. காரணம் சொல்லி மறுக்கட்டும். எமிஸில் எல்லா டேட்டாவும் இருக்கிறது. கூடுதலாக ஒரு பைசா செலவு கிடையாது.

அதோடு எண்ணிக்கையை ஒரே ஒரு நாளில் எடுக்காமல் மூன்று வருஷச் சராசரி பார்க்கலாம். திருப்பூருக்கு ஒரு குடும்பம் போனதால் 57 ஆன பள்ளியும், பத்து வருஷமாகத் தேய்ந்து 57க்கு வந்த பள்ளியும் ஒன்றா? 1:30 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. 31க்கு மேல் குழந்தைகள் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு மூன்று ஆசிரியர் என்று தமிழ்நாடு நினைத்தால் நாளைக்கே ஆணை போடலாம். செலவு அதிகம்தான். புதுசாக ஆள் எடுக்கணும். காலை உணவுத் திட்டத்தை டெல்லியைக் கேட்காமல், தன் பணத்தில், 2022ல் ஆரம்பித்த மாநிலம் இது. அதனால் 'முடியாது' என்ற பதிலை நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.

பகுதி நேர ஆசிரியர்களின் சம்பளத்தையும் ஸ்கீமில் இருந்து எடுத்து மாநில பட்ஜெட்டின் நிரந்தரச் செலவில் போட வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்து டெல்லி பணம் வந்தால், அதை வரவில் வைத்துக்கொள்ளட்டும். வழக்கு முடியும் வரை தையல் டீச்சரின் மே மாத வாடகை காத்திருக்காது.

நம்மில் நிறையப் பேர் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது சென்னை, பெங்களூரு, கோவையில் உட்கார்ந்து இதை மொபைலில் படிக்கிறோம். மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவருக்கு இடம் உண்டு என்பது எனக்கே இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதுதான் தெரிந்தது. குழுவை மறுபடி அமைக்கும்போது பள்ளியில் கூட்டம் போட்டுத்தான் தேர்வு செய்வார்கள். உங்க பழைய பள்ளி ஹெச்.எம்.மிடம் தேதி கேட்டு வையுங்கள். போனால், ஆகஸ்ட் 1 கணக்கைத்தான் முதலில் கேளுங்கள். பெயின்ட் அடிக்கிற வேலை அப்புறம்.

போன வருஷம் சித்தி பள்ளியில் 31ஆம் தேதி சாயங்காலம் 60ல் நின்றது. கடைசியாக ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த அம்மா தண்ணி கொடுத்து உட்கார வைத்து, "டீச்சர், ரெண்டு பேருதான் இருக்கீங்களாமே, அஞ்சு கிளாஸை எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். சித்தியிடம் பதில் இல்லை. குழந்தை வேனில் போனது. இந்த வருஷம் அந்தக் குழந்தையின் தம்பிக்கு அஞ்சு வயசு முடிகிறது. லிஸ்ட்டில் அவன் பேரும் இருக்காம்.